பிசாவ் கொட்டையும் குருணை அரிசியும்: கினி-பிசாவ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்துக்குடியில் இறங்கும் முந்திரிக்கொட்டையைத் தரம் பார்ப்பது என் வேலை. அந்த வேலையாக மூன்று சீசன் பிசாவ் நகரத்திலேயே தங்கி லோடு ஏற்றிவிட்டு வந்தேன். திரும்பியதிலிருந்து பண்ருட்டி ஆலைக்காரர்கள், சொந்தக்காரர்கள், அக்கா மகளோடு படிக்கிற பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பிசாவ் கொட்டை, பிசாவ் கொட்டைங்கறீங்களே, அது ஊர் பேரா, இல்ல ரகமா?

ஊர் பேர்தான். கினி-பிசாவ் என்ற நாட்டின் தலைநகரம் பிசாவ். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், வடக்கே செனகலுக்கும் தெற்கே கினிக்கும் நடுவில் இருக்கிறது. பரப்பு 36,125 சதுர கிலோமீட்டர், நம் கேரளத்தை விடக் கொஞ்சம் சிறியது. மக்கள் ஏறக்குறைய 20 லட்சம். பக்கத்து நாடான கினி வேறு, எக்குவடோரியல் கினி வேறு. கப்பல் பேப்பரில் இந்தக் குழப்பம் வந்து கன்டெய்னர் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போர்ச்சுகலின் காலனியாக இருந்த நாடு. 1973 செப்டம்பர் 24 அன்று தாங்களே விடுதலை அறிவித்தார்கள். 1974-ல் போர்ச்சுகல் அதை ஒப்புக்கொண்டது. அரசாங்க மொழி போர்ச்சுகீசியம். சந்தையிலும் வீட்டிலும் எல்லா இனத்தாரும் சேர்ந்து பேசுவது கிரியோல். முந்திரி மரம் பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியர் கையால் அங்கே போனது. நம் ஊருக்கும் அதே கைகள்தான் கொண்டுவந்தன.

முந்திரியத் தவிர அங்க வேற ஒண்ணும் விளையாதா?

ஏன் விளையாது! நெல், கடலை, பனை எண்ணெய், கம்பு, சோளம், மரவள்ளி எல்லாம் உண்டு. ஆனால் வெளிநாட்டுக்குப் போய்க் காசாக வருவது என்று பார்த்தால் 90 சதவீதத்துக்கு மேல் முந்திரிக்கொட்டை. கிராமத்தில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இரண்டு மூன்று ஹெக்டேர் முந்திரித் தோப்பாவது இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை சீசன். அந்த மூன்று மாதம்தான் வீட்டில் ரொக்கம் புழங்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவதும் அந்த மாதங்களில்தான், எல்லாரும் கொட்டை பொறுக்கப் போய்விடுவார்கள்.

அந்த நாட்டில் என் மனதில் நின்றது முந்திரித் தோப்பு இல்லை, நெல்வயல். கடல் நாட்டுக்குள் விரல் விரலாகப் புகுந்து கிடக்கிறது. அந்தக் கழிமுகங்களில் அலையாத்திக் காட்டை வெட்டி, களிமண்ணால் அணை போட்டு வயல் எடுப்பார்கள். அதற்கு பொலான்யா என்று பெயர். பலாந்தா இனத்தார் இதில் கைதேர்ந்தவர்கள். ஆள் உயரத்துக்கு மேல் நீண்ட மரப் பலகைக் கரண்டி, நுனியில் மட்டும் இரும்புப் பூண். அதைச் சேற்றில் செருகி, தொடையில் முட்டுக் கொடுத்து ஒரே எத்தில் மண்ணைப் புரட்டுவார்கள். அணைக்கு அடியில் குடைந்த மரத்தடி ஒன்றைக் குழாயாகப் பதித்திருப்பார்கள். மழைத் தண்ணீர் அது வழியாக வெளியே போகும், அலை ஏறும்போது அடைத்துவிடுவார்கள். புதிதாக எடுத்த வயலில் உடனே நட முடியாது. இரண்டு மூன்று மழைக்காலம் பெய்து உப்பைக் கழுவிய பிறகுதான் நாற்று. உரம் இல்லை, எந்திரம் இல்லை, பம்பு செட் இல்லை.

இவ்வளவு நல்ல நெல் விவசாயம் இருக்குன்னா அப்புறம் ஏன் அரிசி இறக்குமதி பண்றாங்க?

நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். போன நூற்றாண்டின் முற்பாதியில் இந்த நாடு அரிசியை ஏற்றுமதி செய்துகொண்டிருந்தது. 1963-ல் விடுதலைப் போர் தொடங்கிப் பதினோரு ஆண்டு நடந்தது. சண்டை கடுமையாக நடந்தது நெல் விளையும் தெற்கில்தான். குண்டு விழுந்தும் ஆள் இல்லாமலும் அணைகள் உடைந்தன. மேலே சொன்ன அணையில் ஒரு இடம் உடைந்தால் போதும், உப்புத் தண்ணீர் ஏறி முழு வயலும் பல வருடத்துக்குப் போச்சு. அதைத் திரும்பக் கட்ட ஊரே சேர்ந்து இறங்க வேண்டும், அதுவும் இளவட்டங்கள். இளவட்டங்கள் பிசாவுக்கும் லிஸ்பனுக்கும் போய்விட்டார்கள்.

1980-களில் முந்திரி பரவியது. முந்திரி மரத்துக்கு அணை வேண்டாம், நாற்று நட வேண்டாம், மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். வியாபாரிகள் கொட்டைக்குப் பதிலாக நேராக அரிசி மூட்டையே கொடுத்தார்கள். சேற்றில் ஆறு மாதம் உழைத்து எடுக்கும் அரிசியை மரத்தடியில் பொறுக்கிய கொட்டை வாங்கித் தந்துவிடும் என்றால் யார்தான் சேற்றில் இறங்குவார்கள்? அவர்கள் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து வரும் அரிசி பெரும்பாலும் ஆசிய அரிசி. அந்த வட்டாரத்தில் குருணையை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தபோது மேற்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்கக் கலங்கியதற்கு அதுதான் காரணம்.

கொட்டைக்கு அரிசி மாத்துறது இப்பவும் நடக்குதா, இல்ல பழைய கதையா?

நடக்கிறது, குறிப்பாகக் காசு வர லேட்டாகும் வருடங்களில். ஓயோ என்ற பகுதியில் ஒரு கிராமத்தில் (கிராமத்தை தபாங்கா என்பார்கள்) எடை போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டி இடுப்புச் சேலையில் முடிந்து கொட்டை கொண்டுவந்தார். இரண்டு கிலோ கூட இருக்காது. கடைக்காரர் தராசைத் தொடவே இல்லை. ஒரு டப்பா கொட்டையை எடுத்துக்கொண்டு, அதே டப்பாவில் அரிசியைத் தலை தட்டி அளந்தார். பாட்டி அந்த அரிசியை அதே துணியில் முடிந்துகொண்டு போனார்.

ஒன்றுக்கு ஒன்று என்பது அங்கே ஓரளவு நியாயமாகக் கருதப்படுகிறது. கொட்டை விலை விழுந்த வருடங்களில் ஒரு கிலோ அரிசிக்கு இரண்டு, மூன்று கிலோ கொட்டை வரை கொடுத்திருக்கிறார்கள். டாலர் கணக்கு, வளர்ச்சி சதவீதம் எல்லாவற்றையும் விட இந்த ஒரு விகிதம்தான் அந்த நாட்டின் பொருளாதாரத்தைச் சொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் வரும் பதில்களில் இதற்கே திரும்பத் திரும்ப வருவேன்.

கொட்டைக்கு விலை யாரு வைக்கிறது? கவர்மென்ட்டா, வாங்குறவங்களா?

ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் அரசாங்கம் ஒரு அடிப்படை விலையை அறிவிக்கும். சந்தையில் போட்டி இருந்தால் அதற்கு மேலே போகும், இல்லாவிட்டால் கீழே. கிராமத்தில் வாங்குவது சின்ன வியாபாரி, அவருக்குப் பணம் கொடுப்பது நகரத்து மொத்த வியாபாரி, அவருக்குக் கொடுப்பது ஏற்றுமதியாளர், அவருக்கு இந்தியாவிலோ வியட்நாமிலோ இருந்து வாங்குபவர். பணம் இங்கிருந்து கிளம்பி நான்கு கை மாறி அங்கே போகிறது. ஒரு கை இறுகினாலும் கடைசியில் இருக்கும் விவசாயி கையில் ஒன்றும் விழாது.

2018-ல் அப்போதைய அதிபர் ஜோசே மாரியோ வாஸ் கிலோவுக்குக் குறைந்தது 1,000 பிராங்க் என்று அறிவித்தார். அதற்கு முந்தைய வருடம் சந்தையே அந்த அளவுக்குப் போயிருந்ததால் விவசாயிகளுக்கு நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்த வருடம் உலகச் சந்தை இறங்கிவிட்டது. வாங்குபவர்கள் கை கட்டி நின்றார்கள், கொட்டை வீட்டு மூலையில் கிடந்தது. அறிவிப்பு காகிதத்தில் இருந்தது, அரிசி வாங்கக் காசு இல்லை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் விலை சொல்லும் அரசாங்கம், யாரும் வாங்காவிட்டால் தானே வாங்கப் பணம் வைத்திருக்க வேண்டும். அவர்களிடம் அது இல்லை.

இன்னொன்று. வரி கூடினாலோ விலை இறங்கினாலோ கொட்டை இரவோடு இரவாக வடக்கே எல்லை தாண்டி செனகலின் சீகின்ஷோர் பக்கம் போய்விடும். அப்படிப் போகும் கொட்டை பிசாவ் கணக்கில் வராது, வரியும் வராது.

அண்ணே, அங்கேயே உடைச்சுப் பருப்பா வித்தா நாலு காசு கூட வருமே, ஏன் பண்ண மாட்டேங்கறாங்க?

முதலில் கணக்கு. சாம்பிள் ஒரு கிலோ கொட்டையை வெட்டி, நல்ல பருப்பை முழு எடையாகவும் புள்ளி விழுந்ததைப் பாதி எடையாகவும் போட்டுக் கூட்டுவோம். 295 கிராம் வந்தால் 80 கிலோ மூட்டைக்கு 52 பவுண்டு பருப்பு, இதைத்தான் அவுட்டர்ன் என்போம். பிசாவ் கொட்டை 50-க்கு மேல் சாதாரணமாக நிற்கும், ஆப்பிரிக்காவிலேயே மேல்தட்டு ரகம். அப்படிப் பார்த்தால் மூன்றரைக் கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ பருப்பு. அந்தப் பருப்பில் கிடைக்கும் கூடுதல் மதிப்பு முழுவதும் கடல் தாண்டித்தான் உருவாகிறது. அங்கே உடைபடுவது விளைச்சலில் மிகச் சிறிய பங்கு.

ஆலை போட முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஓட்டில் இருக்கும் எண்ணெய் கையைப் பொத்துப் போடும், பழகிய ஆள் வேண்டும், பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அதை விடப் பெரிய தடை இரண்டு. ஒன்று கரன்ட். தலைநகருக்கே மின்சாரம் துறைமுகத்தில் நின்ற ஒரு துருக்கி மின்கப்பலிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2023 அக்டோபரில் பில் பாக்கிக்காக அவர்கள் நிறுத்தியபோது பிசாவ் முழுவதும் இருட்டு. இன்னொன்று கைமுதல். சீசன் மூன்று மாதத்தில் பன்னிரண்டு மாதத்துக்கான கொட்டையை வாங்கிக் குடோனில் அடுக்க வேண்டும். அந்த அளவு கடனை மலிவு வட்டிக்குக் கொடுக்க அங்கே வங்கி இல்லை.

2011-ல் அரசாங்கம் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 பிராங்க் பிடித்து, ஆலைகளை வளர்க்க ஒரு நிதி தொடங்கியது. பிடித்த பணம் ஏற்றுமதியாளர் வழியாகக் கடைசியில் விவசாயி விலையில்தான் குறைந்தது. ஆலைகள் வளரவில்லை, சில வருடத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். எனக்கு இந்த விஷயத்தில் கோபம் உண்டு. மேலே சொன்ன பாட்டியின் டப்பாவிலிருந்து எடுத்த காசு அது.

பழத்தை என்ன பண்றாங்க? நம்ம ஊர் மாதிரி கீழ போட்டுடறாங்களா?

நிறைய வீணாகிறது. ஆனால் பெண்கள் பழத்தைப் பிழிந்து சாறெடுத்துப் புளிக்க வைத்து முந்திரிக் கள் விற்கிறார்கள். பல இடங்களில் கொட்டைக் காசு வீட்டு ஆணுக்கு, கள் காசு பெண்ணுக்கு என்பது எழுதாத வழக்கம். சிறிய தொகைதான், ஆனாலும் அவள் கையை விட்டுப் போகாத தொகை. இஸ்லாமியர் அதிகமுள்ள கிழக்கில் இது இல்லை.

கடல்ல மீன் கொட்டிக் கிடக்குங்கறாங்க. மீன்பிடிச்சே பணக்காரங்களாகலாமே?

மீன் இருக்கிறது, உண்மை. கரைக்கு எதிரே பிஜாகோஸ் தீவுக்கூட்டம், 88 தீவுகள், பெரும்பாலானவற்றில் ஆள் கிடையாது. ஆற்று மண்ணும் அலையாத்தியும் ஆழமில்லாத கடலும் சேர்ந்து மீன் குஞ்சு வளரத் தோதான இடம். 2025-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாகச் சேர்த்தது.

ஆனால் பெரிய மீனைப் பிடிப்பது வெளிநாட்டுக் கப்பல்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் 2029 வரைக்கும் போட்ட ஒப்பந்தப்படி வருடத்துக்கு 1.7 கோடி யூரோ அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது. கேட்கப் பெரிய தொகை, தலைக்கு எட்டரை யூரோ வருகிறது. சீனக் கப்பல்களும் உண்டு. இந்தக் கப்பல்கள் பிடித்ததை பிசாவில் இறக்குவது அபூர்வம். இறக்கினால்தானே ஐஸ் ஆலை, வெட்டும் ஆள், பெட்டி செய்பவர், லாரி என்று வேலை பெருகும்? தூத்துக்குடியிலும் ராமேஸ்வரத்திலும் ஒரு விசைப்படகு கரை சேர்ந்தால் எத்தனை பேர் கை அதில் படுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். உரிமம் விற்றால் கஜானாவுக்குக் காசு வரும், கரைக்கு ஒன்றும் வராது.

சின்ன வள்ளங்களில் பிடிப்பவர்களிலும் கணிசமானோர் செனகலிலிருந்தும் கினியிலிருந்தும் வந்தவர்கள். உள்ளூர்க்காரர் பலருக்கு மீன் என்பது வயலுக்கு நடுவே செய்யும் வேலை. கரையில் வாங்கி விற்பது பெண்கள், பிதெய்ரா என்பார்கள். ஐஸ் கிடைத்தால் பச்சை மீனாக பிசாவுக்குப் போகும். கிடைக்காவிட்டால் விறகு மூட்டிப் புகை போட்டுக் கருவாடாக்க வேண்டியதுதான். கடல் வற்றும்போது சேற்றில் சிப்பி பொறுக்குவதும் பெண்கள்தான். நாட்டின் கணக்குப் புத்தகத்தில் இது வராது, வீட்டுச் சட்டியில் தினமும் வரும்.

நியூஸ்ல போதைப்பொருள் நாடுன்னு போடறாங்களே? போனா பயமா இருக்காதா?

தென் அமெரிக்கக் கோகெயின் ஐரோப்பாவுக்குப் போகும் வழியில் இந்தத் தீவுகள் இடைத்தங்கல் ஆகிவிட்டன. காவல் படகு இல்லாத கடல், சம்பளம் ஒழுங்காக வராத சிப்பாய், பெரிய இடத்துத் தொடர்பு மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. 2019 மார்ச்சில் மீன் ஏற்றிய லாரியின் இரட்டைத் தளத்தில் 789 கிலோ பிடிபட்டது. 2024 செப்டம்பரில் வெனிசுவேலாவிலிருந்து வந்த ஒரு விமானத்தில் 2.6 டன்.

கொட்டை பொறுக்குகிறவருக்கு இதில் ஒரு பைசா தொடர்பும் இல்லை. தெருவில் நான் பயந்தது கிடையாது, இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்திருக்கிறேன். அந்த மக்களைப் பற்றி இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பேசுவது எனக்கு வலிக்கிறது.

அடிக்கடி ராணுவ ஆட்சி வருதே, நம்ம வியாபாரத்துக்கு ஆபத்து இல்லையா?

1980, 2003, 2012, கடைசியாக 2025 நவம்பரில் தேர்தல் முடிவு வரவிருந்த நேரத்தில். நடுவே 1998 ஜூனில் தொடங்கிய உள்நாட்டுப் போர், 2009-ல் அதிபர் நினோ வியேராவின் கொலை. விலைக் கேள்வியில் சொன்ன வாஸ்தான், தேர்ந்தெடுக்கப்பட்டுப் பதவிக்காலத்தை முழுதாக முடித்த முதல் அதிபர்.

ஆபத்து எப்போது என்பது தேதியைப் பொறுத்தது. 2012-ல் ஏப்ரல் 12 அன்று நடந்தது, சீசன் சூடுபிடிக்கும் நேரம். வெளிநாட்டு உதவியும் கடனும் நின்றன, வாங்கும் பணம் உள்ளே வரவில்லை, கொட்டை விலை விழுந்தது. நவம்பரில் நடந்தால் மரத்தில் பூ கூட இருக்காது, மார்ச்சுக்குள் துறைமுகம் திறந்திருந்தால் கப்பல் கிளம்பும். விவசாயிக்கும் அதே கணக்குதான். யார் நாற்காலியில் இருக்கிறார் என்பதை விட மே மாதம் லாரி வருமா என்பதுதான் அவர் கேள்வி. ஜூனில் மழை பிடித்துவிட்டால் செம்மண் பாதைகளில் லாரி புதையும், கொட்டையும் ஈரம் பிடிக்கும்.

அவங்களுக்குச் சொந்தமா காசு கிடையாதா? பிராங்க்னு சொல்றீங்க?

இருந்தது, பெசோ. மதிப்பு விழுந்துகொண்டே போனதால் 1997-ல் அதை விட்டுவிட்டு பல நாடுகள் சேர்ந்து புழங்கும் மேற்கு ஆப்பிரிக்க சி.எஃப்.ஏ பிராங்கில் சேர்ந்தார்கள், 65 பெசோவுக்கு ஒரு பிராங்க். ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்று கட்டிப்போட்டது. விலைவாசி கண்டபடி ஏறாது, அது நன்மை. கொட்டை விலை சரிந்தால் நாணயத்தை இறக்கிச் சமாளிக்கவும் முடியாது. மொத்த அடியையும் விவசாயி நேராக வாங்குகிறார்.

பாக்சைட், பெட்ரோல் எல்லாம் இருக்காமே? அதை எடுத்தா கஷ்டம் தீருமே?

கிழக்கில் போயே பகுதியில் பாக்சைட், வடக்கில் ஃபாரிமில் பாஸ்பேட். பல வருடமாகப் பேச்சில் இருக்கிறது. ரயில், ஆழ்துறைமுகம், கரன்ட் எதுவும் இல்லாமல் எடுக்க முடியாது. இதை நம்பிக் கணக்குப் போட நான் தயாரில்லை.

மனசாட்சியோட சொல்லுங்க. கம்மி விலைக்குக் கொட்டை வாங்கி இங்க உடைச்சு விக்கிற நாமளும் அந்த ஏழ்மைக்குக் காரணம்தானே?

ஓரளவு ஆமாம். ஒரு காலத்தில் அந்த நாட்டுக் கொட்டை ஏறக்குறைய முழுவதும் இந்தியாவுக்கே வந்தது. ஒரே சரக்கு, ஒரே வாங்குபவர் என்றால் பேரம் யார் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வியட்நாம் போட்டிக்கு வந்த பிறகு விவசாயிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. நம் தொழிலுக்கு அது வலித்தது, ஆனாலும் நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

2020-ல் கொரோனா வந்தபோது சீசன் தொடங்கும் வாரத்தில் இங்கே ஊரடங்கு, ஆலைகள் மூடல். இங்கே கதவடைத்தது அங்கே ஓயோவில் அரிசிச் சட்டியில் தெரிந்தது. நாம் வாங்காமல் விட்டாலும் அவர்களுக்கு அடிதான். அதனால் வாங்கக் கூடாது என்பது பதில் ஆகாது. சீசன் ஆரம்பத்திலேயே பணத்தை இறக்குவது, எடையில் கை வைக்காமல் இருப்பது, ஈரம் என்று பொய் சொல்லி விலை குறைக்காமல் இருப்பது, இவை நம் கையில் உள்ளவை. ஈரம் காட்டும் மீட்டரை விவசாயி பக்கம் திருப்பி வைக்காதவர்கள் இருக்கிறார்கள், பார்த்திருக்கிறேன்.

மீதி அவர்கள் நாட்டுக்குள் நடக்க வேண்டியது. விடுதலைப் போரை நடத்திய அமில்கார் கப்ரால் அடிப்படையில் விவசாய விஞ்ஞானி. 1953-ல் அந்த நாட்டின் விவசாயக் கணக்கெடுப்பை நடத்தியவர். காலனி அரசு கடலை ஒன்றையே பயிரிட வைப்பது மண்ணுக்கும் மனிதருக்கும் கேடு என்று எழுதினார். 1973 ஜனவரியில், விடுதலைக்குச் சில மாதம் முன்பு, கொல்லப்பட்டார். கடலை போன இடத்தில் முந்திரி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்த வருஷம் அங்க நிலைமை எப்படின்னு இங்கிருந்தே எப்படித் தெரிஞ்சுக்கறது?

மே நடுவில் போன் போடுங்கள். பிசாவில் இருக்கும் ஏஜென்டுக்கு வேண்டாம், அவர் கப்பல் கணக்கு சொல்வார். ஓயோவிலோ கசேவ் பக்கமோ கொட்டை வாங்கும் சின்ன வியாபாரி யாராவது பழக்கம் இருந்தால் அவரிடம் இரண்டே விலை கேளுங்கள்: கிலோ கொட்டை என்ன, கிலோ குருணை என்ன. கொட்டை 450, அரிசியும் 450 என்றால் மழைக்காலத்தைத் தாண்டிவிடுவார்கள். கொட்டை 300, அரிசி 450 என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு ஒரு கிலோ, ஆகஸ்டில் ஒரு வேளை குறையும். இந்த எண்கள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை. உண்மையான எண்ணை அவர் சொல்வார். நான் ஒவ்வொரு வருடமும் மே 15 வாக்கில் கேட்டுக் குடோன் நோட்டின் பின்பக்கத்தில் குறித்து வைக்கிறேன்.